துணைக்குறி எழுத்துகள் கொண்ட பனுவல்களில் சொற்சுருக்கம்: சுருங்குறித்தொடரின் பயன்பாடு

ஆய்வுச்சுருக்கம்

தொடரடைவு, மேற்கோள் அட்டவணை, சொல்லடைவு ஆகியவற்றை உருவாக்கும்போது நூற்பெயர்களைக் கணினிவழிச் சுருக்குவது வழக்கம். துணைக்குறியுடைய உரோமன் எழுத்துகளிலும் உயிர்க்குறியும் புள்ளியும் ஏற்கும் தமிழ் எழுத்துகளிலும் இச்சுருக்கம் பிழைபடும் இடங்களையும் அவற்றைத் தவிர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: சுருங்குறித்தொடர், ஒருங்குறி, துணைக்குறி, இயல்பாக்கம், சொற்சுருக்கம்.

முன்னுரை

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என வழங்கும் சுருங்குறித்தொடர், பனுவலில் குறிப்பிட்ட அமைப்புடைய எழுத்துத்தொடர்களைக் கண்டறிந்து மாற்றும் கருவியாகும். ‘சொல்லின் முதல் மூன்று எழுத்துகளை நிறுத்தி, எஞ்சியதை நீக்கிப் புள்ளியிடுக’ என்பது இக்கருவிக்கு எளிய கட்டளையே. ஆயின், எழுத்து என நாம் கருதுவதும் கணினி கருதுவதும் ஒன்றல்ல. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையும் பதினெண்கீழ்க்கணக்குள் ஒன்றாகிய சிறுபஞ்சமூலமும் இதற்குத் தக்க சான்றுகள்.

குறியிடமும் எழுத்தும்

ஒருங்குறியில் உயிர்மெய், மெய்க்குரிய ஒரு குறியிடமும் உயிர்க்குறிக்குரிய மற்றொரு குறியிடமுமாக அமைகின்றது. சிறுபாணாற்றுப்படை 9 எழுத்துகளை உடையது. கணினிக்கு அது 17 குறியிடங்கள். சிறுபஞ்சமூலம் 8 எழுத்துகள், 13 குறியிடங்கள். முதல் மூன்று எழுத்துகளைக் கொண்டால் ‘சிறுபா.’, ‘சிறுப.’ என இரண்டும் வேறுபடும். முதல் ஐந்து குறியிடங்களைக் கொண்டால் இரண்டும் ‘சிறுப.’ என்றே முடியும். பகரத்தின் பின்வரும் கால் வெட்டுண்டு போகும். அதன்பின் எடுக்கப்படும் சொல்லெண்ணிக்கையில் சங்க நூலின் ஆட்சியும் அற நூலின் ஆட்சியும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடும்.

உரோமன் எழுத்துப்பெயர்ப்பு

2001இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15919 தரமும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முறையும் நெடிலுக்கு மேற்கோடும், றகர, னகர, ழகரங்களுக்குக் கீழ்க்கோடும் இடுகின்றன. இங்கு மூன்று இடர்கள் எழுகின்றன.

முதலாவது, ‘ஏ முதல் இசட் வரை’ என வரையறுக்கும் தொடர் துணைக்குறி எழுத்துகளை ஏற்பதில்லை. மேற்கண்ட இரு பெயர்களும் றகரத்துக்கு முன்பே முறிந்து, ‘சி’ என்னும் துண்டாக நிற்கும்.

இரண்டாவது, மேற்கோடிட்ட ‘ஏ’ என்னும் எழுத்தை ஒரே குறியிடமாகவும் எழுதலாம். ‘ஏ’, மேற்கோடு என இரு குறியிடங்களாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பிரிந்த வடிவில் முதல் ஏழு குறியிடங்களைக் கொண்டால், நெடிலின் மேற்கோடு நீங்கி இரு நூற்பெயர்களும் ஒன்றாகிவிடும். தமிழிலும் ஒகரக்குறியை ஒரே குறியிடமாகவோ, ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவோ எழுத இயலும். பிரிந்த வடிவிலுள்ள கலித்தொகையை ஏழாம் குறியிடத்தில் வெட்டினால் ‘கலித்தெ’ என்னும் பொருந்தா வடிவமே எஞ்சும்.

மூன்றாவது, எளிமை கருதித் துணைக்குறிகளை முன்னரே களைவது. அவ்வாறு செய்தால் வலி, வளி, வழி ஆகிய மூன்று சொற்களும் ஒரே வடிவம் பெறும். சுருக்கும் முன்பே பொருள் வேறுபாடு அழிந்துவிடுவதால் இம்முறை ஆய்வுக்கு ஏற்றதன்று.

தீர்வு

முதற்படி இயல்பாக்கம். ஒருங்குறியின் ‘என்.எஃப்.சி.’ வடிவுக்குப் பனுவல் முழுவதையும் மாற்றினால் வடிவ வேறுபாடு நீங்கும். எனினும் இது மட்டும் போதாது. வடமொழி உயிர் ‘ரு’வைக் குறிக்கும் கீழ்வட்டமிட்ட ‘ஆர்’ எழுத்துக்கு ஒருங்குறியில் தனிக் குறியிடம் இல்லை. அது இயல்பாக்கத்துக்குப் பின்னும் இரு குறியிடங்களாகவே இருக்கும்.

எனவே இரண்டாம் படியாக அலகை வரையறுத்தல் வேண்டும். ‘எழுத்து வகைக் குறியிடம் ஒன்று, அதனைத் தொடரும் குறி வகைக் குறியிடங்கள் எத்தனையாயினும்’ என்பதே அலகு. உயிர்க்குறி, புள்ளி, மேற்கோடு, கீழ்வட்டம் ஆகிய யாவும் ஒருங்குறியில் குறி வகையின. ஆதலால் இவ்வொரு வரையறை தமிழுக்கும் உரோமனுக்கும் பொருந்தும். பைத்தானின் உள்ளமைந்த ‘ஆர்.ஈ.’ தொகுதி இவ்வகைப் பெயர்களை ஏற்பதில்லை. அதன் ‘சொல்லெழுத்து’க் குறியீடும் உயிர்க்குறிகளை விட்டுவிடுவதால் சிறுபாணாற்றுப்படை எட்டுத் துண்டுகளாகச் சிதறும். தனியே நிறுவத்தக்க ‘ரீஜெக்ஸ்’ தொகுதி வகைப்பெயர்களை ஏற்கின்றது.

மூன்றாம் படி எஞ்சும் பகுதியை வரையறுத்தல். ‘மூன்று அலகுகள், பின் இடைவெளியல்லாத ஏதேனும் ஒன்றோ பலவோ’ என எழுதினால், மூன்றெழுத்துச் சொல்லாகிய ‘அகம்’ என்பதும் ‘அகம.’ எனச் சிதையும். எஞ்சும் பகுதிக்கு ஏதேனும் வேண்டுமென்பதால், கருவி பின்னோக்கி வந்து மகரத்தின் புள்ளியைப் பிரித்தெடுத்துக்கொள்வதே காரணம். எஞ்சும் பகுதியையும் ‘ஓர் அலகு அல்லது பல’ என்றே வரையறுத்தால், அது எழுத்தில்தான் தொடங்க இயலும். ‘அகம்’ மாறாது நிற்கும்.

முடிவுரை

இயல்பாக்கம், அலகு வரையறை, எஞ்சும் பகுதியின் வரையறை என்னும் மூன்றும் சேர்ந்த வழியே எழுத்துச் சிதையாத சுருக்கத்தைத் தரும். ஆயினும் திருக்குறள், திருவாசகம், திருமந்திரம் ஆகியவற்றை ஈரெழுத்தாகச் சுருக்கினால் மூன்றும் ‘திரு.’ என்றே அமையும். இது கருவியின் பிழையன்று, அளவின் பிழை. ஆதலால் சுருக்கங்களின் எண்ணிக்கையை முழுப்பெயர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமெனக் கண்ட பின்னரே அட்டவணையை ஆய்வுக்குப் பயன்படுத்துதல் தகும்.