அருகருகே தெரிபவை அருகருகே உள்ளனவா?

இரண்டாமாண்டு மாணவன், பி.எஸ்ஸி. இயற்பியல்

மார்கழி மாத முன்னிரவில் கிழக்கு வானை நோக்குங்கள். மூன்று விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் நிற்கும். அவற்றைச் சுற்றி நான்கு மூலைகளில் ஒளிமிக்க நான்கு விண்மீன்கள். இதுவே ஓரியன் எனும் வேட்டைக்காரன் மண்டலம். மூலைகளுள் செந்நிறமாகத் தெரிவது நம் திருவாதிரை.

என் தந்தையார் பள்ளி வாசலை மிதிக்காதவர். ஆயினும் இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சும்போது, அம்மூன்றும் ஏறியிருக்கும் உயரத்தைக் கொண்டே மணி சொல்லிவிடுவார். சென்ற விடுமுறையில், "இந்த உருவம் வெறும் தோற்றம்தான் அப்பா" என்றேன். "கண்ணு முன்னால தெரியுதே, இல்லேங்கிறியே!" என்றார். அவருக்குச் சொன்ன விளக்கமே இக்கட்டுரை.

இரவில் களத்துமேட்டில் நின்றால், அண்டை வீட்டு விளக்கும் அடுத்த ஊர் விளக்கும் ஒட்டியிருப்பன போலத் தோன்றும். கண் திசையை அறியும், நெடுந்தூரத்தை அளந்தறியாது. சற்று நடந்து பார்த்தால் இரு விளக்குகளும் விலகும்.

விண்மீன்களுக்கும் இதே சோதனை உண்டு. சூரியனைச் சுற்றும் பூமி ஆறு மாதத்தில் சுமார் 30 கோடி கிலோமீட்டர் இடம் மாறுகிறது. அதனால் அருகிலுள்ள விண்மீன் மிகச் சிறிதளவு விலகித் தோன்றும். இவ்விலகலை 1838இல் ஜெர்மானிய வானியலார் பெசல் அளந்து, ஒரு விண்மீனின் தூரத்தைக் கணித்தார்.

அவ்வழியில் வளர்ந்த அளவைகள் கூறுவதென்ன? ஓரியனின் ஒரு மூலையான பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மற்றொரு மூலையான ரைகல் சுமார் 860 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். இன்று நாம் காணும் ரைகலின் ஒளி, பிற்காலச் சோழர் ஆண்ட நாளில் புறப்பட்டது!

எல்லாமே தோற்றம் என்றும் எண்ணிவிடலாகாது. ஓரியனுக்கு மேலே தெரியும் கார்த்திகைக் கூட்டம், சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றாகப் பிறந்த மெய்யான குடும்பமே.

"அப்போ நான் மணி பாத்ததெல்லாம் தப்பா?" என்றார் தந்தை. இல்லை. விண்மீன்கள் நகர்வதாகத் தெரிவது பூமியின் சுழற்சியால். மணி அறியத் திசை போதும், தூரம் வேண்டியதில்லை. விண்மீன்கள் நாள்தோறும் 4 நிமிடம் முந்தி உதிப்பதால், மாதத்துக்கு 2 மணி நேரம் கழிக்க வேண்டும். இதை நான் நூலில் படித்தேன். தந்தையின் கணக்கில் அது முன்பே இருந்தது.