மாப்பிள்ளை பெயர் ஏன் உள்ளங்கையில்?

கல்யாணச் சாமான் வாங்க கொச்சி பிராட்வே கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் துணி, வளையலோடு மெஹந்தி கோனும் வாங்கிப் போவார்கள். நம் மருதாணிதான், அங்கே அதற்கு மயிலாஞ்சி என்று பெயர். இப்போதெல்லாம் மணப்பெண்ணுக்கென்றே தனியாக ஒரு டிசைன் போடுகிறார்கள். பூங்கொடிக்குள் மாப்பிள்ளையின் பெயரை ஒளித்துவைத்துவிட்டு, “எங்கே, கண்டுபிடியுங்கள்!” என்று அவரையே திண்டாட விடுவது வீட்டாருக்கு ஒரு விளையாட்டு. அந்தப் பெயர் பெரும்பாலும் உள்ளங்கையில்தான் இருக்கும். ஏன்?

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் உண்டு. இலைக்குள் அது சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து கிடக்கும். இலையை அரைத்துப் புளிப்பு சேர்த்தால் அந்தப் பிணைப்பு விடுபடும். பாட்டி எலுமிச்சைச் சாறு பிழிவது இதற்காகத்தான். வெளியே வந்த லாசோன், தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

நம் தோலின் மேலடுக்கு முழுவதும் கெரட்டின் நிறைந்த, உயிரற்ற செல்கள். உள்ளங்கையில் இந்த அடுக்கு தடிமனானது, புறங்கையில் மெல்லியது. அதனால் ஒரே கோனில், ஒரே நேரத்தில் வரைந்தாலும் உள்ளங்கை கருஞ்சிவப்பாகும், புறங்கை வெளிறித் தெரியும். ‘நன்றாகச் சிவந்தால் புருஷனுக்குப் பாசம் அதிகம்’ என்பார்கள். பாவம் அந்தப் புருஷன், இதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை!

விழுது காய்ந்துவிட்டால் சாயம் தோலுக்குள் இறங்காது. அதனால்தான் சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு மேலே ஒற்றுகிறார்கள். சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும், விழுது உதிராமலும் காக்கும்.

கேரளத்து முஸ்லிம் வீடுகளில் பழைய முறை ஒன்று உண்டு. பலாப்பிசினை உருக்கிக் கையில் புள்ளி புள்ளியாக வைத்து, அதன்மேல் மயிலாஞ்சியை அப்பிவிடுவார்கள். பிறகு பிசினை உரித்தால் சிவந்த கையில் வெள்ளைப் புள்ளிகள்! மதுரைச் சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது அல்லவா, அதே வித்தைதான். கோன் பிடிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். எனக்கு இதுதான் பிடித்த டிசைன்.

கொச்சிக்கும் இந்தச் செடிக்கும் எழுத்தில் பதிவான பழைய உறவும் உண்டு. கொச்சியில் இருந்த டச்சு அதிகாரி வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு மலபார்ச் செடிகளைப் பற்றி ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற 12 தொகுதி நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நூலில் மயிலாஞ்சியும் இடம்பெற்றிருக்கிறது.

விழுதைச் சுரண்டி எடுத்ததும் கை ஆரஞ்சு நிறமாகத்தான் இருக்கும். சாயம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாக மாறும். கல்யாணத்துக்கு ஓரிரு நாள் முன்பே மெஹந்தி போடுவது இந்தக் கணக்கில்தான். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக ‘கருப்பு மெஹந்தி’ என்று ஒன்றை விற்கிறார்கள். சீக்கிரமே கன்னங்கரேலென்று பிடிக்கும். மருதாணி மட்டும் போட்டால் அப்படி ஆகாது. அதில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற தலைமுடிச் சாயப்பொருள் கலந்திருக்கும். தோல் கொப்பளிக்கலாம், தழும்பு விழலாம், ஒவ்வாமை ஆயுள் முழுவதும் தொடரலாம். யார் நீட்டினாலும் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

தோலின் மேலடுக்கு தினமும் உதிர்வதால் ஒன்றிரண்டு வாரத்தில் டிசைன் மங்கிவிடும், மாப்பிள்ளை பெயரும் மறைந்துவிடும். நகமும் கெரட்டின்தான், ஆனால் அது உதிராது, வளரும். இந்த விடுமுறையில் கட்டைவிரல் நகத்தின் அடியில் மருதாணியால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வீதம் அது மேலே ஏறும். அளவுகோலை வைத்து அளந்து, நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள்.