வாசலைத் தாண்டிய ஹாஸ்யம்

தொலைக்காட்சியில் வெற்றி பெற்ற நகைச்சுவைத் தொடரைத் திரைப்படமாக்கிக் காசு பார்க்க வேண்டும் என்ற ஆசை படமுதலாளிகளுக்கு எழுவதில் விந்தை ஒன்றுமில்லை. பாத்திரங்களின் பெயரும் குணமும் ஜனங்களுக்கு முன்னமே மனப்பாடமாகியிருக்க, விளம்பரத்துக்கென்று தனியே பாடுபட வேண்டாத சரக்கு வேறெங்கே கிடைக்கும்? அமெரிக்கர்கள் 1991-இல் ‘ஆடம்ஸ் ஃபேமிலி’யையும், 1995-இல் ‘பிராடி பஞ்ச்’சையும், 2005-இல் ‘பிவிச்ட்’டையும் பெரிய திரைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் இதை ஒரு தொழிலாகவே நடத்திப் பார்த்தவர்கள் 1970-களின் ஆங்கிலேயர்கள்தாம். பேய்ப் படங்களுக்குப் பேர்போன கம்பெனியொன்று, பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் வைத்து நடந்த ‘ஆன் தி பஸஸ்’ தொடரை 1971 முதல் 1973 வரை ஆண்டுக்கொன்றாக மூன்று படங்கள் ஆக்கிற்று என்றால், அந்நாளில் அங்கே நிலவிய பசியை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொடர்களின் ஜீவநாடி எது என்று கேட்டால், அடைபட்டுக் கிடத்தல் என்றுதான் சொல்வேன். ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’னில், லண்டன் மூலையொன்றில் குதிரை வண்டி கட்டிப் பழஞ்சாமான் சேகரிக்கும் கிழத் தகப்பனிடமிருந்து தப்பி எப்படியாவது நாகரிக வாழ்க்கைக்குள் நுழைந்துவிடத் துடிக்கும் மகன், வாரந்தோறும் முயன்று, வாரந்தோறும் தோற்று, அதே குப்பைக் குவியலுக்கு நடுவே அதே தகப்பனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். 1968 முதல் 1977 வரை எண்பது பாகங்கள் ஓடிய ‘டாட்ஸ் ஆர்மி’யிலோ, இரண்டாவது உலக யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்ட வயோதிகர்கள், கடற்கரைச் சிற்றூரொன்றின் மாதாகோயில் மண்டபத்தில் கவாத்துப் பழகிக்கொண்டு, என்றைக்கோ வரப்போகும் ஜெர்மானியனுக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் வராமலிருப்பதில்தான் ஹாஸ்யம் இருக்கிறது. அரைமணி முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

திரைப்படமோ ஒன்றரை மணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். ஏதேனும் மாற வேண்டும், யாரேனும் எங்கேனும் போக வேண்டும் என்று பிடிவாதம் செய்யும். ஆகவே எல்லோரையும் பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1972-இல் வந்த ஸ்டெப்டோ படத்தில் மகன் கலியாணம் செய்துகொண்டு ஸ்பெயினுக்குத் தேனிலவு போக, கிழவனும் கூடவே புறப்பட்டுவிடுகிறான். ‘ஆர் யூ பீயிங் சர்வ்டு’ தொடரின் ஜவுளிக் கடைச் சிப்பந்திகளும் 1977-இல் அதே திசைக்குத்தான் போனார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்கமான மிஸ்டர் பீன், 1997-இல் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் 2007-இல் பிரான்ஸுக்கும் போய் வந்தார். ‘டாட்ஸ் ஆர்மி’க்கு நேர்ந்ததுதான் விசேஷம்: 1971 படத்தில் ஜெர்மானிய விமானிகள் அந்த மண்டபத்துக்குள்ளேயே புகுந்து ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்; புதிய நடிகர்களோடு 2016-இல் வந்த படத்தில், பத்திரிகைக்காரி வேஷத்தில் ஜெர்மானிய உளவுக்காரி ஒருத்தியே வந்து சேர்கிறாள். காத்திருந்தவன் வந்துவிட்டான், இனிக் காத்திருக்க என்ன பாக்கி?

இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாக அவிழ்த்தவர்களும் உண்டு. பிராடிக் குடும்பத்தை 1970-களின் உடுப்போடும் பேச்சோடும் அப்படியே வைத்து, சுற்றியுள்ள உலகத்தை மட்டும் 1990-களாக்கிவிட்டது ஓர் உபாயம். அதனினும் உயர்ந்ததாக நான் மதிப்பது, சிறைச்சாலைத் தொடரான ‘பாரிட்ஜ்’ஜைக் கொண்டு 1979-இல் எடுத்த படம். தீவிபத்தினால் கைதிகளின்றிக் காலியாயிருந்த செம்ஸ்ஃபோர்டு சிறையிலேயே அதைப் படம் பிடித்தார்கள். வெளியூர்க் கால்பந்துக் குழுவொன்று ஆடவரும் நாளில் ஒரு கைதி தப்பத் திட்டமிட, ஃப்ளெச்சர் என்ற பழுத்த கைதியும் அவனோடு ஒரே அறையில் இருக்கும் இளைஞனும் விருப்பமின்றியே தப்புகிறவனோடு வெளியே இழுத்துச் செல்லப்படுகிறார்கள். இளைஞனுக்கு விடுதலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போனவன் என்ற பழி வந்தால் தண்டனை நீளும். ஆகவே இருவரும், மற்றவர்கள் வெளியே வரப் படும் பாட்டையெல்லாம் உள்ளே நுழைவதற்குப் பட்டு, யாரும் அறியாமல் சிறைக்குத் திரும்புகிறார்கள். வாசலைத் தாண்டியே தீர வேண்டும் என்ற திரைப்படத்தின் பிடிவாதத்துக்கும் இணங்கி, தாண்டக் கூடாது என்ற தொடரின் தர்மத்தையும் காத்த கதை இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

பழைய தொடரைப் புதுத் தலைமுறைக்கு அறிமுகப்படுத்துவது இந்தப் படங்களே என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இருக்கட்டும். அறிமுகப்படுத்துவதற்குப் பழைய தொடர் முதலில் மிஞ்சியிருக்க வேண்டாமா? என்னை உறுத்துவது அதுதான். அந்நாளில் ஒளிநாடா விலையுயர்ந்த பண்டம். பதிந்ததை அழித்துவிட்டு அதன்மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதியலாம். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வரம்பு கட்டியிருந்தன. 1960-களின் இறுதியில் வர்ணம் வந்ததும் கருப்பு வெள்ளைக்கு மதிப்புப் போயிற்று. விளைவு என்ன? முரட்டுத் தொழிலாளி ஒருவனின் வசவுகளால் நாட்டையே சிரிக்கவும் முகஞ்சுளிக்கவும் வைத்த ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரின் 1960-களின் பாகங்களில் பல இன்று இல்லை. அதைக் கொண்டு எடுத்த திரைப்படங்களோ முழுசாக இருக்கின்றன. 1970-இல் வர்ணத்தில் ஒளிபரப்பான ஸ்டெப்டோ பாகங்கள் பல, எழுதியவர்களுக்கென்று எடுத்துவைத்த கருப்பு வெள்ளைப் பிரதிகளாகவே பிழைத்துக் கிடக்க, அந்த ஸ்பெயின் பயணம் மட்டும் வர்ணம் மங்காமல் காட்சியளிக்கிறது. சினிமாச் சுருளைச் சொத்தாகவும், தொலைக்காட்சி நாடாவை எச்சிலிலையாகவும் கருதிய காலம் அது. மூலம் அழிந்து நகல் நின்றதென்றால், நாளைய ரசிகன் நகலைக் கொண்டே மூலத்தை எடைபோடுவான்; ‘இதற்கா அத்தனை பேர் சிரித்தார்கள்?’ என்று கேட்டால் அவன்மேல் தப்பில்லை.

‘டாட்ஸ் ஆர்மி’யும் தப்பவில்லை. 1969-இல் வந்த இரண்டாம் வரிசையின் ஆறு பாகங்களில் ஐந்து தொலைந்து, 2001-இல் இரண்டு மட்டும் திரும்பக் கிடைத்தன. மிச்சமிருந்த மூன்றையும், எஞ்சியிருந்த பழைய வசனப் பிரதியைக் கொண்டு, வேறு நடிகர்களை வைத்து, 2019-இல் தொலைக்காட்சிக்கென்றே மறுபடி எடுத்தார்கள். அதிலே உளவுக்காரி இல்லை; அதே மண்டபம், அதே கவாத்து, அதே அரைமணி. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த திரைப்படத்தைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது.