தக்காளிக்கு முன் சணப்பை

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். வரத்து மிகுந்தால் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் கட்டுபடியாகாமல் போவதுண்டு. சந்தை விலை உழவர் கையில் இல்லை. உரச் செலவைக் குறைப்பதும் மண்ணைத் தேற்றுவதும் அவர் கையில்தான் உள்ளன. தொழு உரம் போதாத செம்மண் நிலத்திற்குப் பசுந்தாள் உரமே நல்ல வழி.

கோடை மழையைக் கொண்டு ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ சணப்பை விதைக்கலாம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்க்கின்றன. ஏக்கருக்கு 5 முதல் 6 டன் பசுந்தழை கிடைக்கும். தக்காளியைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவின் பெருக்கமும் குறையும்.

பருவம் தவறலாகாது. விதைத்த 45 நாட்களுக்கு மேல், பூக்கும் தறுவாயில் ஈரம் இருக்கும்போது மடக்கி உழவேண்டும். காய் பிடிக்கும்வரை விட்டால் தண்டு நாராகி, மக்க நாளாகும். மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்வதால் நடவுப் பயிர் மஞ்சளிக்கும்.

உழுத உடனே நடவும் கூடாது. 15 முதல் 20 நாட்கள் பொறுக்கவேண்டும். மடக்கி உழுவதற்கு ஒரு வாரம் முன்பு நாற்று விட்டால், 25 நாள் நாற்று தயாராகும்போது தழையும் மக்கியிருக்கும்.

பாசனம் குறைந்த நிலத்திற்குக் கொளிஞ்சி ஏற்றது. மாடுகள் அதை மேய்வதில்லை. விதைத்தோல் கடினமானதால், மணலுடன் தேய்த்து ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதைக்கவேண்டும்.

பின்னர் மண் பரிசோதனை செய்து, அதற்கேற்ப உரத்தைக் குறைக்கலாம். முதலில் அரை ஏக்கரில் செய்து, பக்கத்துப் பாத்தியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.