குழந்தைகளின் கோணற்பாதம்: கண்டறிதலும் திருத்துதலும்

‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்னும் சொல் இன்று எலும்பு, மூட்டு ஆகியவற்றின் நோய்களை ஆராயும் மருத்துவத் துறை முழுமைக்கும் பெயராக வழங்குகிறது. ஆயினும் அச்சொல் பிறந்தது குழந்தைகளின் பொருட்டேயாகும். நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர், 1741-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலுக்காக, ‘நேரான’, ‘குழந்தை’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அப்பெயரை ஆக்கினார். கோணலாக வளரும் இளமரம் ஒன்றைக் கழியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கும் படம் அந்நூலில் இடம்பெற்றது. எலும்பு மருத்துவச் சங்கங்கள் பல இன்றும் அப்படத்தைத் தம் சின்னமாகக் கொண்டுள்ளன. வளர்கின்ற உறுப்பை முறித்துத் திருத்த வேண்டுவதில்லை. வளர்ச்சியையே துணையாகக் கொண்டு மெல்ல நெறிப்படுத்தலாம் என்பதற்கு அது தக்க உவமையாகும்.

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று பிறவிக் கோணற்பாதத்தின் சிகிச்சை. இக்குறை சுமார் ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு ஏற்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. பாதிக்கப்பட்டோருள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரு பாதங்களும் கோணலாக இருக்கும். பிறந்த சில வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால், இக்குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாட இயலும். கவனியாது விடப்பட்டால், வாழ்நாள் முழுவதும் ஊனமாகவே நிலைத்துவிடும்.

வளரும் எலும்பின் இயல்பு

குழந்தையின் எலும்பு வளர்ந்தோர் எலும்பின் சிறிய வடிவம் அன்று. பிறந்த குழந்தையின் பாதத்திலுள்ள சிறு எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அக்குருத்தெலும்பு, தன் மீது விழும் அழுத்தத்திற்கு ஏற்பத் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் தன்மையுடையது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் மெதுவாக இழுக்கப்படின் சில நாட்களில் நீண்டு கொடுக்கும்.

இவ்விளகும் தன்மை இருபுறமும் கூர்மையுள்ள வாளைப் போன்றது. சரியான திசையில் மென்மையாக நிறுத்தி வைத்தால் பாதம் நேராகும். கோணலான நிலையிலேயே குழந்தை நடக்கத் தொடங்கினால், அக்கோணலுக்கு ஏற்பவே எலும்புகள் உருக்கொண்டு இறுகிவிடும். ஆகவேதான் மாதங்களைவிட வாரங்களே இங்கு முக்கியமாகக் கருதப்படுகின்றன.

கோணற்பாதம் யாது?

இக்குறையில் நான்கு மாறுதல்கள் சேர்ந்து காணப்படும். உள்ளங்காலின் வளைவு மிகுந்து குழிந்திருக்கும். பாதத்தின் முற்பகுதி உட்புறமாகத் திரும்பியிருக்கும். குதிகால் உட்பக்கம் சாய்ந்திருக்கும். குதிகால் நாண் குறுகி இறுகியிருப்பதால், குதிகால் மேலேறி விரல்கள் கீழ்நோக்கி நிற்கும். மொத்தத்தில் உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தவாறு தோன்றும்.

கருப்பையில் இட நெருக்கடியால் மட்டும் பாதம் திரும்பியிருப்பதும் உண்டு. அத்தகைய பாதத்தை விரலால் மெல்லத் தள்ளினாலே அது இயல்பான நிலைக்கு வரும். உண்மையான கோணற்பாதமோ அவ்வாறு முழுமையாக வளைந்து கொடுப்பதில்லை. ஐயம் எழுமாயின் மருத்துவரிடம் காட்டுவதே முறை. அவ்வமயம் குழந்தையின் முதுகுத்தண்டில் புடைப்போ, பள்ளமோ, மயிர்க்கற்றையோ உள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஏனெனில் சிலரிடம் இக்குறை முதுகுத்தண்டின் பிறவிக் குறையோடு தொடர்புற்றிருக்கும்.

பெரும்பாலான குழந்தைகளிடம் இதற்குத் திட்டமான காரணம் காணப்படுவதில்லை. சில குடும்பங்களில் தலைமுறைகளிலும் தொடர்ந்து தோன்றுவதால் மரபுக் கூறுக்குப் பங்குண்டு எனத் தெரிகிறது. தாய் கர்ப்பகாலத்தில் கிரகணத்தின்போது வெளியே வந்ததாலோ, கத்தியைக் கையாண்டதாலோ இவ்வாறு நேர்ந்தது என்னும் நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் நிலவுகிறது. அதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. இப்பழியைச் சுமக்கும் தாய் குழந்தையின் காலைத் துணியால் மறைக்க முற்படுகிறாள். சிகிச்சைக்குரிய பொன்னான வாரங்கள் வீணாகின்றன. ஆதலின் களப்பணியாளர் அவ்வீட்டிற்குச் சென்றதும் முதற்கண் கூறத்தக்கது, ‘இது தாயின் குற்றம் அன்று, இது திருந்தும்’ என்பதேயாகும்.

பொன்செட்டி முறை

கோணற்பாதத்தைக் கையால் மெல்லத் திருத்திக் கட்டுப்போடும் வழக்கம் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸ் காலத்திலேயே இருந்தது. இருபதாம் நூற்றாண்டிலோ, மூட்டுக்களைத் திறந்து நார்களை அறுத்து விடுவிக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை பரவலாயிற்று. பாதம் அப்போதைக்கு நேராயினும், ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்பினால் இறுகி, விறைத்து, நோவு தருவதைப் பலரிடம் காண முடிந்தது.

ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்காத் தீவில் 1914-இல் பிறந்து, அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி, பாதத்தின் மூட்டுக்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இணைந்து அசைகின்றன என்பதை ஆராய்ந்து, 1940-களின் இறுதியில் வேறொரு வழியை வகுத்தார். அதன் பயன்களை 1963-இல் வெளியிட்டார். அவ்வழியை மருத்துவ உலகம் பரவலாக ஏற்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர் சிகிச்சை செய்த குழந்தைகள் வளர்ந்து நடுவயதை நெருங்கிய பின் அவர்களை மீண்டும் ஆராய்ந்து, 1995-இல் ஐயோவா மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் 78 சதவீதத்தினரின் பாதங்கள் நல்ல அல்லது மிக நல்ல நிலையில் இருந்தன. பிறவியில் குறையேதும் இல்லாதோரிடமே அவ்வளவு 85 சதவீதமாக இருந்தது. அதன் பின்னரே உலகின் நோக்கு மாறியது. பொன்செட்டி 2009-இல் காலமானார்.

இம்முறையில் மருத்துவர் வாரம் ஒருமுறை குழந்தையின் பாதத்தைச் சில நிமிடங்கள் மென்மையாக நீவித் திருத்தி, கிடைத்த திருத்தம் கலையாதவாறு தொடையளவு மாவுக்கட்டு இடுகிறார். முதற்கட்டில் உள்ளங்காலின் குழிவு சரிசெய்யப்படுகிறது. அடுத்த கட்டுக்களில், கணுக்காலின் முன்புறத்தே வெளிப்பக்கத்தில் தட்டுப்படும் ‘தாலஸ்’ எலும்பின் தலையைப் பெருவிரலால் தாங்கிக்கொண்டு, பாதம் முழுவதையும் அதனைச் சுற்றிச் சிறிது சிறிதாக வெளிப்புறம் திருப்புகின்றனர். குதிகாலை நேரடியாகப் பிடித்துத் திருப்புவதில்லை. முன்பாதம் திரும்பும்போது அதுவும் தானே நேராகிறது. பெரும்பாலும் ஐந்து முதல் எட்டுக் கட்டுக்களில் இத்திருத்தம் முடிவுறும்.

எஞ்சுவது குதிகால் நாணின் இறுக்கமாகும். பெரும்பான்மையான குழந்தைகளுக்கு, உணர்வு மறக்கும் மருந்திட்டு, சிறு கத்தியால் அந்நாணைத் தோலின் ஊடாகவே துண்டிக்கின்றனர். பின்னர் மூன்று வாரங்களுக்குக் கடைசி மாவுக்கட்டு இடப்படும். அக்காலத்திற்குள் நாண் வேண்டிய நீளத்தில் மீண்டும் வளர்ந்து இணைந்துவிடுகிறது. வளரும் உடலின் ஆற்றலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மாவுக்கட்டு இட்ட குழந்தையைப் பார்க்கச் செல்லும் பணியாளர் கால்விரல்களைக் கவனித்தல் இன்றியமையாதது. விரல்கள் நீலம் பூத்தோ, வெளிறியோ, சில்லிட்டோ, வீங்கியோ இருப்பினும், கட்டு நழுவி விரல்கள் உள்ளே மறைந்துபோயினும், குழந்தை ஓயாது அழுதாலும், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

தாங்கியை அணிவித்தல்

பாதம் நேரானதோடு பணி முடிந்ததெனப் பெற்றோர் எண்ணுதல் இயல்பு. உண்மையில் நெடிய பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. பாதத்தைக் கோணலாக்கிய இயல்பு, குழந்தையின் முதற்சில ஆண்டுகள் வரை உள்ளே இருந்துகொண்டேயிருக்கும். ஆகவே, இரு காலணிகளை ஒரு கோலால் இணைத்த தாங்கி அணிவிக்கப்படுகிறது. முதல் மூன்று மாதங்களுக்கு நாளொன்றுக்கு 23 மணி நேரமும், அதன்பின் நான்கு அல்லது ஐந்து வயது வரை இரவிலும் பகலுறக்கத்திலும் அதனை அணிவித்தல் வேண்டும்.

கோணல் திரும்ப வருவதற்கு முதன்மைக் காரணம், தாங்கியை இடையில் நிறுத்திவிடுவதே. முதற்சில இரவுகளில் குழந்தை அழும். பாட்டியோ அண்டைவீட்டாரோ இரக்கங்கொண்டு அதைக் கழற்றிவிடுவர். கால் பார்வைக்கு நேராக இருப்பதால் இனித் தேவையில்லை என்பர். குழந்தை வளர்ந்து காலணி சிறிதாகிவிட்டபின் புதியது பெறாமல் விடுவதும் உண்டு. எனவே தாய்க்கு மட்டுமன்றி, குழந்தையை உறங்க வைக்கும் ஒவ்வொருவருக்கும் இதன் காரணத்தை விளக்குதல் நன்று. இரு கால்களையும் ஒருசேர மடக்கி நீட்டும் விளையாட்டைக் கற்பித்தால், குழந்தை சில நாட்களிலேயே தாங்கிக்குப் பழகிவிடும். களப்பணியாளரின் தொடர்ந்த வருகை பயன் தரும் கட்டம் இதுவேயாகும்.

சிகிச்சைக்கு வழி

இந்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமாகிய ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்தய கார்யக்ரம்’, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள சிறாரைப் பரிசோதிக்கிறது. அதில் கண்டறியப்பட வேண்டிய பிறவிக் குறைகளுள் கோணற்பாதமும், இடுப்பு மூட்டின் வளர்ச்சிக் குறையும் சேர்க்கப்பட்டுள்ளன. பிரசவ நிலையங்களில் மருத்துவப் பணியாளரும், வீடுகளில் ஆஷா பணியாளரும் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கின்றனர். அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பரிசோதனை செய்கின்றன. குறை கண்ட குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். இத்திட்டத்தின்கீழ்ச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

ஆசிரியர் கவனிக்கத்தக்கவை

பாதத்தின் வெளிவிளிம்பிலோ புறங்காலிலோ ஊன்றி நடக்கும் பிள்ளை பள்ளிக்கு வருமாயின், காலம் கடந்துவிட்டதென விட்டுவிடலாகாது. நடக்கத் தொடங்கிய பின் வந்த குழந்தைகளுக்கும் பொன்செட்டி முறை பயனளித்துள்ளது. கட்டுக்களின் எண்ணிக்கை கூடலாம், சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டப்படலாம். முன்னரே சிகிச்சை பெற்ற பிள்ளையின் பாதம் சற்றுச் சிறிதாகவும், கெண்டைக்கால் மெலிந்தும் இருக்கும். அது விளையாட்டிலிருந்து விலக்கி வைப்பதற்குக் காரணமாகாது. குதிகால் தரையில் படியாமல் நடப்பது மீண்டும் தோன்றினால் மட்டும் உடனே பெற்றோர்க்கு அறிவித்தல் வேண்டும்.

வளரும் கால்களில் காணும் மாறுதல் எல்லாம் நோயும் அல்ல. இரண்டு வயது வரை கால்கள் சற்று வில்போல் வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றையொன்று தொடுவதும், ஏழு வயதளவில் அவை சீராவதும் இயற்கையே. ஆயின் வளைவு ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, வயது ஏற ஏற மிகுந்தாலோ, மணிக்கட்டுப் பருத்திருந்தாலோ, வைட்டமின் ‘டி’ குறைவால் வரும் ரிக்கெட்ஸ் போன்றவற்றை ஐயுறுதல் தகும். நொண்டி நடக்கும் பிள்ளை முழங்கால் வலிப்பதாகக் கூறினும், நோய் இடுப்பு மூட்டில் இருத்தல் கூடும். காய்ச்சலோடு ஒரு கையையோ காலையோ அசைக்க மறுக்கும் குழந்தையை ஒருநாளும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். மூட்டில் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துபோகும். எலும்பு முறிந்த குழந்தைக்கு மூங்கிற் பத்தையை வைத்து இறுகக் கட்டுவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கையையே இழக்க நேர்வதுண்டு என்பதையும் பெற்றோர் அறிதல் நலம்.

ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் முதல் வாரத்திலேயே துணியை விலக்கிப் பார்த்து, இரு பாதங்களும் நேராக உள்ளனவா, இரு தொடைகளும் சமமாக விரிகின்றனவா என்று குறித்துக்கொள்வதற்கு இரண்டு நிமிடங்களே ஆகும். அதற்குக் கருவியோ செலவோ வேண்டுவதில்லை. ஐயத்திற்கிடமான குழந்தையை அவ்வாரமே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி, முதல் மாவுக்கட்டு இடப்பட்டதா எனப் பின்தொடர்ந்து அறிந்துகொள்ளுதலும் அப்பணியில் அடங்கும்.