பிராங்கும் மார்க்கும்

ஒரு நாட்டின் நாணயத்துக்கு மற்றொரு நாட்டின் நாணயத்தில் உள்ள விலையே நாணயமாற்று வீதம் எனப்படும். பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்திலே சிறிய எழுத்தில் அச்சாகும் இவ்விலக்கங்களைப் பெரும்பாலார் வாசிப்பதில்லை. ஆயினும் பிரான்சு தேசத்தின் பிராங்குக்கும் ஜேர்மனியின் மார்க்குக்கும் இடையே நிலவிய வீதத்தைத் தொடர்ந்து நோக்குவோர், அவ்விரு நாடுகளின் போர்களையும் குடிமக்களின் இழப்புகளையும் அதன்கண் காண்பர்.

1870ஆம் ஆண்டு தொடங்கிய போரிலே தோல்வியுற்ற பிரான்சு, ஜேர்மனிக்கு 500 கோடி பிராங்கு தண்டமாகச் செலுத்த நேர்ந்தது. புதிதாக ஒன்றுபட்ட ஜேர்மனி மார்க்கு என்னும் தங்க நாணயத்தை நிலைநாட்டுதற்கு அச்செல்வமே பெரிதும் துணையாயிற்று. பிராங்கின் பணத்தினாலே மார்க்கு பிறந்தது எனினும் பொருந்தும்.

அக்காலத்தில் வீதத்தைச் சந்தை நிர்ணயிக்கவில்லை, தங்கமே நிர்ணயித்தது. ஒரு கிலோகிராம் சுத்தத் தங்கத்துக்கு ஜேர்மனியில் 2790 மார்க்கு. பிரான்சில் ஏறத்தாழ 3444 பிராங்கு. ஆகவே ஒரு மார்க்கின் பெறுமதி 1.2346 பிராங்கு ஆயிற்று. சந்தையிலே விலை சற்று ஏறினாலும் இறங்கினாலும், வணிகர் நாணயத்தை வாங்குவதை விடுத்துத் தங்கத்தையே பெட்டிகளில் இட்டு அனுப்பிவிடுவர். அவ்வாறு அனுப்புங் கூலிக்கும் காப்புறுதிச் செலவுக்கும் அப்பால் வீதம் அசைய இயலாது. இவ்வொழுங்கு 1914 வரை நிலைத்தது.

முதலாம் உலகப் போர் மூண்டதும் இரு அரசுகளும் தாளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தாளையே அச்சிட்டன. 1923 நவம்பரில் ஒரு டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க்கு கொடுக்கவேண்டிய நிலை ஜேர்மனியில் உண்டாயிற்று. ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்தோரின் வைப்புப் பணம் ஒரு பாண் வாங்கவும் போதாததாயிற்று. பின்னர் பன்னிரண்டு பூச்சியங்களை வெட்டி, 1924இல் பழைய தங்க அளவிலேயே ரைக்ஸ்மார்க்கு வகுக்கப்பட்டது. பிராங்கின் வீழ்ச்சி இத்துணைக் கொடியதன்று. 1928இல் புவான்கரே அதனைத் தங்கத்துடன் மீண்டும் பிணைத்தபொழுது, பழைய பெறுமதியில் ஐந்திலொரு பங்கே எஞ்சியிருந்தது. எனவே ஒரு மார்க்குக்கு ஏறத்தாழ 6.08 பிராங்கு என்றாயிற்று. ஜேர்மானியர் தம் சேமிப்பு முழுவதையும் இழந்தனர். பிரெஞ்சுக்காரர் ஐந்தில் நான்கு பங்கை இழந்தனர்.

வீதம் போர்க்கருவியாகவும் பயன்படும் என்பதை 1940 காட்டியது. பிரான்சைக் கைப்பற்றிய ஜேர்மானியர் ஒரு மார்க்குக்கு 20 பிராங்கு என ஆணையிட்டனர். பண்டங்களின் விலையோடு ஒப்பிடின் இது மார்க்குக்கு மிகையான மதிப்பாகும். பாரிஸ் நகரக் கடைகளில் ஜேர்மன் சிப்பாய்கள் கைநிறையப் பொருள் வாங்கினர். ஆக்கிரமிப்புச் செலவென்று பிரான்சு நாளொன்றுக்கு 40 கோடி பிராங்கு செலுத்திற்று. துப்பாக்கி காட்டிப் பறிப்பதிலும் இது சுலபமான வழி. கணக்குப் புத்தகத்திலே எல்லாம் முறையான கொள்வனவாகவே தோன்றும்.

இவ்விரு நாணயங்களுக்கிடையே பெரிதும் அலைக்கழிந்தோர் எல்லைப்புறமாகிய அல்சாஸ் மாகாணத்தவரே. 1865 அளவிலே ஸ்திராஸ்பேர்க் நகரிற் பிறந்து எண்பது வயது வாழ்ந்த ஒருவர், வீட்டைவிட்டு அகலாமலே நான்கு முறை நாணயம் மாறுவதைக் கண்டிருப்பார். 1871க்குப் பின் மார்க்கு வந்தது. 1918இல் பிராங்கு மீண்டது. அப்பொழுது பிரெஞ்சு அரசு மார்க்கொன்றுக்கு 1.25 பிராங்கு கொடுத்தது. சந்தையில் மார்க்கு அவ்விலை பெறவில்லை. எனினும் மீண்டுவந்த குடிகளின் மனங்கோணலாகாது என்பதற்காக அரசு நட்டத்தைத் தாங்கிற்று. 1940இல் 20 பிராங்குக்கு ஒரு மார்க்காக மாற்றம். விடுதலையின் பின் ஒரு மார்க்குக்கு 15 பிராங்கு மாத்திரமே கிடைத்தது. இடையிலே பணத்தைத் தொடாது வைத்திருந்தவர் நூற்றுக்கு இருபத்தைந்து இழந்தார்.

போருக்குப் பின் 1948இல் மேற்கு ஜேர்மனி டொய்ச் மார்க்கை வெளியிட்டது. பிராங்கோ மீண்டும் மீண்டும் மதிப்பிறக்கப்பட்டது. 1949இன் முடிவிலே ஒரு மார்க்குக்கு 83 பிராங்கு. 1958 டிசெம்பரில் 117க்கும் மேல். 1960இல் ஜெனரல் டி கோலின் அரசு நூறு பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்காக்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் ஜேர்மனி தன் மார்க்கின் மதிப்பை ஐந்து வீதம் உயர்த்தியபொழுது, வீதம் 1.2343 ஆயிற்று. 1914இல் இருந்தது 1.2346 என்பதை நேயர்கள் நினைவுகூர்வர். இது தற்செயலே, இடையில் அழிந்த பூச்சியங்களையும் அவற்றோடு அழிந்த குடும்பச் செல்வங்களையும் இவ்வொற்றுமை மறைத்துவிடுகிறது.

அவ்வீதமும் நிலைக்கவில்லை. 1968 நவம்பரில் மதிப்பிறக்கத்துக்கு டி கோல் உடன்படவில்லை. அவர் பதவி நீங்கியபின் 1969 ஓகஸ்டில் பொம்பிடு அதனைச் செய்தார். அதே ஒக்டோபரில் மார்க்கு உயர்த்தப்பட, வீதம் ஏறத்தாழ 1.52 ஆயிற்று. விலைவாசி உயர்ந்து ஏற்றுமதி தளர்ந்தபொழுது நாணயத்தை இறக்கிச் சமாளிப்பது பிரான்சின் வழக்கம். 1923இன் நினைவு அகலாத ஜேர்மன் மக்களோ விலைவாசி உயர்வைச் சகியார். இவ்வேறுபாடே வீதத்தை ஒரு திசையில் தள்ளிக்கொண்டு சென்றது. 1979இல் ஐரோப்பிய நாணய அமைப்பு தொடங்கியபொழுது ஒரு மார்க்குக்கு 2.3095 பிராங்கு, 1987 சனவரியில் 3.35386. 1993இல் ஊகவணிகர் பிராங்கைத் தாக்கியபொழுது, இருபுறமும் நூற்றுக்குப் பதினைந்து வரை வீதம் அசையலாம் என வரம்பு தளர்த்தப்பட்டது. எனினும் அந்த மையவீதத்தைப் பிரான்சு கைவிடவில்லை. வட்டியை உயர்த்தியே அது காக்கப்பட்டது. வேலையற்றோர் தொகை பெருகியது அதற்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி.

1999 சனவரி முதலாந் திகதி ஒரு யூரோ 6.55957 பிராங்கு எனவும் 1.95583 மார்க்கு எனவும் முடிவாக வரையறுக்கப்பட்டது. ஒன்றை மற்றதாற் பிரித்துப் பார்ப்போர்க்கு 1987இன் வீதமே கிடைக்கும். 2002இல் தாள்களும் குற்றிகளும் கைமாறின. பழைய பிராங்குத் தாளை மாற்றுவதற்குப் பிரான்சு கொடுத்த தவணை 2012 பெப்ரவரியுடன் முடிவுற்றது. மார்க்கை மாற்றிக்கொடுக்க ஜேர்மன் மத்திய வங்கி கால எல்லை எதனையும் விதிக்கவில்லை.