படத்தில் இருப்பவர் யார்?

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. மூன்று பேர் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் இருப்பவர் என் தாத்தா. மற்ற இருவர் யாரென்று இன்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆயா உயிரோடு இருந்தபோது ஒருநாள் கேட்டேன். விரல் வைத்துக் காட்டி இருவர் பெயரையும் சொன்னார். "மாரிகுப்பத்துல எடுத்தது" என்றார். நான் தமிழில் முதுகலை படித்தவன். எத்தனையோ செய்யுள்களை மனப்பாடம் செய்தவன். அந்த இரண்டு பெயர்களை எழுதி வைக்கவில்லை. ஆயா போன பிறகு என்னிடம் மிஞ்சியது ஊர்ப்பெயர் மட்டும்தான்.

அந்த ஒரு சொல்லே எவ்வளவோ சொல்கிறது. மாரிகுப்பம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஏராளமானோர் அந்தச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனார்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊர்ப்பெயர் இல்லையென்றால் அது வெறும் தாத்தா படம். ஊர்ப்பெயர் சேர்ந்தால் நம் மக்களின் வரலாற்றுக்கு ஒரு சான்று.

அன்று நம்மைப் படமெடுத்தவர்கள் நம் பெயரைப் பெரிதாக நினைக்கவில்லை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் பல படங்களின் கீழே சாதிப் பெயர் மட்டுமே இருக்கிறது. அந்த மனிதருக்கும் அவர் தாய் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நம் வீட்டுப் படங்களையும் நாமே பெயரில்லாமல் விட்டுவிடலாமா?

செலவில்லாத வேலை இது. சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். பகலில், நிழலான இடத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் செல்பேசியில் எடுங்கள். தனிப் படமென்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளென்றால், தனிச் சீட்டில் எழுதிப் படத்தோடு வையுங்கள்.

பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். 'அம்மா' என்றால் போதாது, யாருடைய அம்மா? பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று முடித்துவிடாமல் அவர்களின் சொந்தப் பெயரை எழுதுங்கள். கூப்பிட்ட பெயர் வேறு, வைத்த பெயர் வேறு என்றால் இரண்டையும் எழுதுங்கள். ஊர், செய்த வேலை, என்ன நிகழ்ச்சி என்பதையும் சேருங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் 'சுமார் 1965' என்று எழுதலாம். சொன்னவர் யார், என்று சொன்னார் என்பதும் வேண்டும்.

செல்பேசியில் எடுத்த படத்துக்கு அது இன்றைய தேதியைத்தான் போடும். கூகுள் போட்டோஸ் போன்ற செயலிகளில் தேதியைத் திருத்தலாம், விளக்கமும் எழுதலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், உள்ளே பதிந்த விவரங்களும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், விவரத்தைத் தனிச் செய்தியாகவும் எழுதி அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் ஊரும் இருப்பது நல்லது. உயிரோடு இருப்பவர்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் ஊரறியப் போட வேண்டாம்.

மாணவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆயாவின் பக்கத்தில் பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது யாரு ஆயா?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். என் வீட்டுச் சுவரில் இரண்டு பேர் இன்னும் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.